மேய்ச்சல் தரைகளைப் பற்றை விழுங்குகின்றது: தீ இதற்குப் பரிகாரமாகுமா?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை மாவட்டத்தின் பற்றைக்காடுகளிலிருந்து புகை எழுவது நமக்குப் புதிய காட்சியல்ல. தீயை யார் வைத்தார் என்பதை எவரும் கூறுவதில்லை. வேட்டைக்குச் சென்றவர் மீது சிலர் பழி கூறுவர். சேனை வெட்டியவர் மீது வேறு சிலர் கூறுவர். இளம்புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காரரே வைத்த தீ என்று சொல்வோரும் உளர். தீ அணைந்ததும் அது பற்றிய பேச்சும் அணைந்துவிடுகின்றது. ஆயினும் அந்தப் புகைக்குப் பின்னால் தமிழ், முஸ்லிம் மக்கள் இரு சாராரது வாழ்வாதாரத்தையும் தொட்டு நிற்கும் ஒரு பிரச்சினை உண்டு. நமது மேய்ச்சல் தரைகளைப் பற்றை விழுங்கிக்கொண்டு வருகின்றது. அதனை எதிர்கொள்ளத் தீ ஒரு கருவியாகுமா, அல்லது நிலைமையை மேலும் சீரழிக்குமா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் விடயமாகும்.

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், சேருவில, வெருகல், குச்சவெளி ஆகிய பிரதேசங்களில் நெல் வேளாண்மையும் மாடு வளர்ப்பும் நெடுங்காலமாக ஒன்றை ஒன்று சார்ந்தே நடைபெற்று வந்துள்ளன. மாரி மழையுடன் பெரும்போகம் தொடங்கியதும் வயல்களில் மாடுகளுக்கு இடமில்லை. பட்டிகளைத் தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறுவடை முடிந்த பின்னர் அவை ஒட்டுமேய வயலுக்குத் திரும்பும். மாட்டின் எரு வயலுக்கும், வயலின் வைக்கோல் மாட்டுக்கும் பயன்படும். தயிர்ச்சட்டி சந்தைக்குச் செல்லும். பட்டிப்பொங்கலுக்கு மாடு அலங்கரிக்கப்படுவதும், ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானுக்கு மாடு தேடப்படுவதும் இதே பட்டிகளை நம்பித்தான்.

இந்த ஒழுங்கு நிலைப்பதற்கு மாரிகாலத்தில் மாடு நிற்பதற்குரிய தரை வேண்டும். தரை சுருங்கினால் மாடு வயலுக்குள் இறங்கும். பயிரை இழந்த விவசாயி மாட்டைப் பிடித்துக் கட்டுவார். மாட்டுக்காரர் பொலிஸ் நிலையம் செல்வார். பயிருக்குச் சொந்தக்காரர் ஒரு சமூகத்தவராகவும் மாட்டுக்குச் சொந்தக்காரர் மற்றைய சமூகத்தவராகவும் இருந்துவிட்டால், புல் பற்றாக்குறையில் தொடங்கிய தகராறு இனப் பூசலாக உருமாறுவதற்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை. ஆகவே, புல் பற்றிய இந்தக் கேள்வியைக் கால்நடைத் திணைக்களத்திற்கு மட்டும் உரிய விடயமாக ஒதுக்கிவிட முடியாது.

பற்றை பெருகியதற்குப் போரும் ஒரு காரணமாகும். 2006ஆம் ஆண்டு சம்பூர் உள்ளிட்ட மூதூர் கிழக்குத் தமிழ் மக்கள் தமது ஊர்களை விட்டு வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர நேர்ந்தது. பின்னையவர் சில வாரங்களில் திரும்ப முடிந்தபோதிலும், சம்பூர் மக்களில் பலர் தமது காணிகளைக் காண்பதற்கு 2015, 2016ஆம் ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலர் வலயத்தில் மனித நடமாட்டமும் மேய்ச்சலும் விறகு வெட்டும் நின்றுபோன நிலம் பத்து ஆண்டுகளில் எவ்வாறு மாறும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. புல்தரை பற்றையாகும், பற்றை சிறுகாடாகும்.

எல்லாப் பற்றையும் ஒன்றல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். விடத்தல், கிளா, காரை, சூரை போன்றவை இம்மண்ணுக்குரியவை. அவற்றின் தழையை ஆடு கடிக்கும். பழத்தைப் பறவைகளும் சிறுவர்களும் உண்பர். யானைக்கும் அவை உணவும் ஒதுக்கிடமும் ஆகும். நாயுண்ணி என்றும் உண்ணிச்செடி என்றும் நாம் அழைக்கும் செடி அவ்வாறானதன்று. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது, ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அழகுச் செடியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் சிறு பழங்களை உண்ணும் பறவைகள் விதையை எங்கும் பரப்புகின்றன. உடவளவை தேசிய பூங்காவின் புல்வெளிகள் கூட இச்செடியின் படையெடுப்புக்கு உள்ளாகின. அதன் இலையில் உள்ள நச்சுப்பொருள் மாட்டின் ஈரலைத் தாக்குகின்றது. வறட்சியில் வேறு தீனி இல்லாமல் அதனைத் தின்ற மாடுகளுக்கு மஞ்சட்காமாலை ஏற்படுவதோடு, வெயில் பட்ட தோலும் வெடித்துப் புண்ணாகின்றது. அம்பாந்தோட்டையின் பூந்தல தேசிய பூங்காவில் சீமைக்கருவேல் பரவி நிற்பதும் இத்தகைய அந்நியச் செடி ஒன்றின் கதையே.

இனி, தீ எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைப் பார்ப்போம். புல்லின் வளர்முனை நிலமட்டத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ அமைந்துள்ளது. உலர்ந்த புல்லில் விரைந்து ஓடும் தீ மேற்பரப்பைச் சுட்டெரித்தாலும், இரண்டு மூன்று சென்றிமீற்றர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அதிகம் உயர்வதில்லை. ஆகவே, மேலே உள்ள தாள் கருகினாலும் புல் மீண்டும் தளிர்க்கும். மரச்செடியின் நிலை வேறு. அதன் வளர்முனை கிளை நுனியில் இருக்கின்றது. நீரையும் உணவையும் கடத்தும் இழையம் மெல்லிய பட்டைக்குள் இருக்கின்றது. இளஞ்செடியாயின் ஒரு புல்தீயே அதன் தண்டைக் கொன்றுவிடும். புல்லுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டைப் பயன்படுத்துவதே திட்டமிட்ட எரிப்பின் அடிப்படையாகும்.

ஆனால் தண்டு இறப்பதும் செடி இறப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஒக்லஹோமா, கன்சாஸ் மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில் பரவும் செஞ்சீடர் மரம் எரிந்தால் மீண்டும் துளிர்க்காது. எனவே அங்குள்ள பண்ணையாளர்கள் சங்கங்களாகக் கூடி, ஒருவர் காணியில் மற்றவர் உதவியாக நின்று, தீயினாலேயே அதனைக் கட்டுப்படுத்தி வருகின்றனர். டெக்சாஸில் பரவும் மெஸ்கீட் மரமோ நமது சீமைக்கருவேலின் நெருங்கிய இனம். அது எரிந்த பின்னர் அடியிலிருந்து பல கிளைகளாக வெடித்தெழும். நமது நாயுண்ணியும் விடத்தலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஒருமுறை எரித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் விட்டால், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்து தண்டுகள் நிற்கும். நமது ஊர்களில் ஆண்டுதோறும் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

தென்னாபிரிக்காவின் குரூகர் தேசிய பூங்காவில் 1954ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் எரிப்புப் பரிசோதனைகள், தீ பெரும்பாலும் மரங்களைக் கொல்வதில்லை, அவற்றை உயரவிடாமல் குட்டையாக வைத்திருக்கின்றது என்பதைக் காட்டியுள்ளன. கன்சாஸ் மாநிலத்தின் கொன்சா புல்வெளி ஆய்வு நிலையத்தில் 1970களிலிருந்து சேகரிக்கப்பட்ட தரவுகள் இன்னுமொரு பாடத்தைத் தருகின்றன. அடிக்கடி எரிக்கப்பட்ட நிலம் புல்வெளியாகவே நீடித்தது. நெடுங்காலம் எரிக்கப்படாத நிலத்தைப் பற்றையும் மரமும் கைப்பற்றின. பற்றை ஒருமுறை வேரூன்றிய பின்னர் அங்கு மீண்டும் ஆண்டுதோறும் தீ வைத்தபோதிலும், நிலம் இலகுவில் பழைய புல்வெளியாகத் திரும்பவில்லை. காரணம் எளிது. அடர்ந்த பற்றையின் நிழலில் புல் வளராது. புல் இல்லாத இடத்தில் தீ ஓடாது. தீ புல்லைக் காக்க வல்லது. பறிபோன புல்லைத் தனித்து மீட்டுத்தர அதனால் முடிவதில்லை. இந்த உண்மையை மனதிற் கொண்டே நமது மாவட்டத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

நமக்கு அண்மையிலும் ஓர் அனுபவம் உண்டு. தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் என்ற பழங்குடியினர், தை, மாசி மாதங்களில் காட்டின் அடிச்சருகுக்குத் தீயிடும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். 'தரகு பெங்கி' என்று அவர்கள் அழைத்த அத்தீ, நிலத்தில் இன்னும் ஈரம் இருக்கும்போதே வைக்கப்படுவதால் தாழ்ந்து எரிந்து அடங்கிவிடும். 1974இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டதைத் தொடர்ந்து இவ்வழக்கம் தடைப்பட்டது. அதன் பின்னரே உண்ணிச்செடி கட்டுமீறிப் பெருகியதென்பது சோலிகர் கருத்து. 1997க்கும் 2008க்கும் இடையில் அக்காட்டில் ஆய்வாளர்கள் நடத்திய கணக்கெடுப்பில், உண்ணிச்செடி காணப்பட்ட இடங்களின் விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. எனினும் தீயும் உண்ணிச்செடியும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று வாதிடும் அறிவியலாளரும் உளர். இரு கூற்றுகளிலும் உண்மை உண்டென்றே நாம் கருதுகின்றோம். ஈரம் இருக்கும்போது இளங்கன்றைத் தாக்கும் மென்தீ ஒரு வகை. கோடையின் உச்சத்தில் முதிர்ந்த உண்ணிச்செடிப் புதரையே விறகாக்கி எழும் பெருந்தீ வேறு வகை. பின்னையது காட்டு மரங்களைக் கொன்று வெளியைத் திறந்துவிட, அந்த வெளியை முதலில் நிரப்புவது உண்ணிச்செடியே.

அவ்வாறாயின் திட்டமிட்ட எரிப்பு என்பது யாது? எந்த நிலம், எத்தனை ஏக்கர், எந்த நோக்கத்திற்காக, எந்தக் காற்றில், எவர் பொறுப்பில் என்பன முன்கூட்டியே எழுத்தில் தீர்மானிக்கப்பட்ட தீயே அது. எரிக்கவேண்டிய துண்டில் மாடுகள் சில மாதங்களுக்கு விடப்படுவதில்லை; போதிய உலர்புல் இல்லாவிடில் தீ சீராக ஓடாது. துண்டைச் சுற்றி மண் தெரியும்படி தடுப்புப் பாதை வெட்டப்படுகின்றது. முதலில் காற்று போகும் பக்கத்து எல்லையிலிருந்து காற்றுக்கு எதிராக மெதுவாக எரியவிட்டு, கருகிய பட்டை ஒன்றை அகலமாக உருவாக்குவர். அதன் பின்னரே காற்று வரும் பக்கத்தில் தீ மூட்டப்படும். காற்றோடு ஓடிவரும் தீ ஏற்கெனவே கருகிய பட்டையை அடைந்ததும் எரிபொருளின்றி அவிந்துபோகும். நீர்த் தாங்கியும் பச்சைக் கிளைகளும் ஆட்களும் எல்லையில் காத்து நிற்பர். காற்று மாறினால் அன்றைய வேலை கைவிடப்படும். நமது சேனைப் பயிர்ச்செய்கையாளர்கள் எல்லையைத் துப்புரவாக்கிய பின்னரே சேனைக்குத் தீயிடுவதும் இதே அறிவின் ஒரு பகுதியாகும்.

நமது மாவட்டத்தில் காலத்தைத் தெரிவது கடினமானது. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் கிடைக்கின்றது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எரித்தால் தீ தாழ்ந்து எரியும், கட்டுப்படுத்துவதும் இலகு. ஆனால் எரிந்த துண்டு அடுத்த மாரி வரை போதிய மழையைக் காணாது. கோடைத் தீனியையும் நாமே எரித்தவர்களாவோம். செப்டெம்பரில் எரித்தால் மழை அண்மித்துவிடும். புல் விரைவில் தளிர்க்கும். பற்றைக்கு ஏற்படும் சேதமும் அதிகம். ஆனால் அப்போது நிலம் வெடித்துக் காய்ந்திருக்கும். கச்சான் காற்று தீயை எங்கு கொண்டுசெல்லும் என்று கூற முடியாது. எரிந்த சரிவுகளில் முதல் மழை மண்ணை அரித்துச் செல்லவும் கூடும். ஆகவே, ஒரு தரையை நான்கு துண்டுகளாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு துண்டை மட்டும் எரிப்பதே விவேகமானது. ஏனைய மூன்றில் மாடுகள் மேயும். எரிந்த துண்டில் புல் முழங்கால் அளவுக்கு வளரும் வரை மாட்டை விடுதல் ஆகாது. கருகிய தரையில் எழும் முதல் தளிரை மாடு தொடர்ந்து கடித்தால் புல் இறந்து, இலுக்கும் முட்செடியும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அபாயங்களையும் மறைக்காமல் கூற வேண்டும். அனுபவமும் ஆளணியும் நிறைந்த அமெரிக்காவிலேயே, 2022 ஏப்ரலில் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் வனத்துறையினர் வைத்த திட்டமிட்ட தீ கைமீறி, அண்மையில் எழுந்த மற்றொரு தீயுடன் இணைந்து 3 இலட்சத்து 40 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எரித்தது. அந்த மற்றைய தீயும் முந்திய மாரியில் வைக்கப்பட்ட திட்டமிட்ட எரிப்பொன்றின் அணையாத தணலிலிருந்து எழுந்ததேயாகும். நமது மாவட்டத்தில் இதற்கும் மேலாக ஓர் ஆபத்து உண்டு. போர் நடைபெற்ற இடங்களில், வெடிபொருட்கள் முற்றாக அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத எந்தப் பற்றையிலும் தீ வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அடுத்து, பற்றை முழுவதையும் ஒழிப்பது நோக்கமாகிவிடக் கூடாது. யானைகள் ஒதுங்கும் பற்றையை எரித்துவிட்டு, அவை ஊருக்குள் வருகின்றன என்று பின்னர் முறையிடுவதில் பயனில்லை. சட்டமும் நம் முன் நிற்கின்றது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டமும், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் ஒதுக்குக் காடுகளிலும் சரணாலயங்களிலும் தீயிடுவதைக் குற்றமாக்கியுள்ளன. ஆகவே இக்கட்டுரையை வாசித்துவிட்டு எவரும் தீப்பெட்டியுடன் பற்றைக்குச் செல்லலாகாது என்பதை நாம் வலியுறுத்திக் கூறுகின்றோம்.

ஏற்கெனவே பற்றை மூடிவிட்ட தரைகளில் முதல் வேலை தீயினுடையதல்ல, கையினுடையது. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவரது குழுவினரும் உண்ணிச்செடிக்கென ஒரு முறையை வகுத்துள்ளனர். செடியின் ஆணிவேரை மண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கிடத்தி உலரவிடுவதே அம்முறை. மழைக்கு முன்னர் இதனைச் செய்து, வெளிப்பட்ட நிலத்தில் உடனடியாகப் புல்விதை தூவினால் செடி திரும்புவது வெகுவாகக் குறையும். நமது மண்ணுக்குரிய முட்பற்றைகளின் புதுத் துளிர்களை ஆடுகள் கட்டுப்படுத்தும். புல் தரையை மூடி ஓரிரு மாரிகள் கடந்த பின்னரே, புதிதாக முளைக்கும் கன்றுகளை அடக்குவதற்குத் தீயின் பயன் வரும். வெட்டு, புல், ஆடு, அதன் பிறகு தீ என்பதே சரியான வரிசை. தீயில் தொடங்கித் தீயிலேயே முடிப்பது நிலத்தைப் பற்றைக்கே எழுதிக்கொடுப்பதாகும்.

இவ்வளவும் எவருடைய நிலத்தில் என்ற கேள்வியே இறுதியில் எஞ்சி நிற்கின்றது. நான்கு ஆண்டுகளுக்குத் திட்டமிட்டு, ஒரு துண்டை ஓய்வாக விட்டு, மற்றொன்றை வெட்டிப் புல் வளர்ப்பதற்கு, அந்தத் தரை நான்கு ஆண்டுகளின் பின்னரும் தமக்கு இருக்கும் என்ற உறுதி பண்ணையாளருக்கு வேண்டும். அயல் மாவட்டங்களைப் பார்க்கின்றோம். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணைத் தரைகள் அத்துமீறிப் பயிரிடப்படுவதாகக் கூறி, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் இறங்கினர். அம்பாறையின் வட்டமடுவில் அதே நிலம் மேய்ச்சல் தரையா, வயலா, வனமா என்ற தர்க்கம் தமிழ், முஸ்லிம் மக்களை நீண்டகாலம் எதிரெதிரே நிறுத்தியது. நாளை எவர் கைக்குப் போகுமோ என்று அஞ்சும் நிலத்தில் எவரும் எல்லைப்பாதை வெட்டப்போவதில்லை. இரவில் ஒரு தீக்குச்சியை எறிந்துவிட்டு, கிடைக்கும் இளம்புல்லை மேயவிட்டு நகர்ந்துவிடுவதே அங்கு இலாபமாகத் தோன்றும். களவாக வைக்கப்படும் தீயின் வேர் இங்குதான் இருக்கின்றது. தண்டனையால் மட்டும் அதனைப் பிடுங்க முடியாது.

எனவே, பிரதேச செயலகங்கள் தத்தமது எல்லைக்குள் உள்ள மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானி மூலம் உறுதிப்படுத்துவதே முதற்படியாகும். கிண்ணியாவிலோ மூதூரிலோ, வெடிபொருள் அபாயமற்றதென உறுதிசெய்யப்பட்டதும், வனத்திற்கும் வீடுகளுக்கும் தொலைவில் உள்ளதுமான ஒரு சிறு தரையைத் தெரிந்து, அங்கு இந்த வரிசைமுறையைப் பரீட்சித்துப் பார்க்கலாம். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், வனபரிபாலனத் திணைக்களம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் ஆகியன அதற்கு அறிவுத் துணை வழங்க முடியும். ஆயினும், எந்தத் துண்டு எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில், இரு சமூகங்களையும் சேர்ந்த பட்டிக்காரரும் வயற்காரரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்க வேண்டும். அயலவரின் கண்முன்னே, அயலவரின் சம்மதத்துடன், அயலவரும் கிளை ஏந்தி நிற்க வைக்கப்படும் தீக்கு அஞ்சவேண்டிய அவசியம் குறைவு.

அடுத்த கச்சானிலும் பற்றைகளிலிருந்து புகை எழத்தான் போகின்றது. அது எவருக்கும் தெரியாத ஒருவர் வைத்த தீயின் புகையாக இருக்கப்போகின்றதா, அல்லது ஊர் கூடி நாள் குறித்து வைத்த தீயின் புகையாக இருக்கப்போகின்றதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அதிகாரிகளும் பண்ணையாளர்களும் விவசாயிகளுமாகிய நாமே. அதற்கான பேச்சை மாடு வயலுக்குள் இறங்கிய பின்னர் தொடங்குவதை விட, அடுத்த பெரும்போகத்துக்கு முன்னதாகவே தொடங்குவது நம் அனைவருக்கும் நன்று.